ஓடுற தண்ணியில நிக்கிறது

ஆடி ஆவணி எண்டா எங்கட ஊர்ல கச்சான் அடிக்கும். மட்டக்களப்பு ஆக்களுக்கு இதச் சொல்லத் தேவல்ல, மத்தியானம் கதவத் திறந்தா அடுப்படிக்குள்ள இருந்து வாற மாதிரி ஒரு காத்து, முத்தத்துல காயப்போட்ட உடுப்பு அரை மணித்தியாலத்துல மொடமொடண்டு காஞ்சிரும், கிணத்துத் தண்ணி கீழ போயிரும். அந்தக் காத்து எங்க இருந்து வருது எண்டு நான் ஒருநாளும் யோசிச்சதில்ல. போன ஆவணி கித்துல்கலவில களனி கங்கைக் கரையில, தலையில ஹெல்மட்டோட, விடாமப் பேஞ்ச மழையில நனைஞ்சுகொண்டு நிக்கக்குள்ளதான் விளங்கிச்சு. ரெண்டும் ஒரே காத்துதான். தென்மேற்குப் பருவக்காத்து கடல்ல இருந்து அள்ளிக்கொண்டு வாற ஈரத்த எல்லாம் மலைட மேற்குப் பக்கத்துல கொட்டிப்போட்டு, மலை ஏறி இறங்கி, காஞ்சு சூடாகி எங்கட பக்கம் வருது. எங்களுக்குக் கச்சான், அவங்களுக்கு மழை. அந்த மழைத் தண்ணி ஓடுற ஆத்துல கயாக், அதான் ஒராள் இருந்து துடுப்புப் போடுற ஒடுங்கின சின்னத் தோணி, அத ஓட்டத்தான் நான் போனது.

நான் கல்லடி. மூணு வருசமா வாவியில கயாக் ஓட்டுறன், சும்மா மேல இருந்து ஓட்டுற பிளாஸ்டிக் கயாக்தான், வெள்ளண அஞ்சரைக்கு இறக்கினா ஏழு மணிக்கு வீட்ட வந்து வேலைக்கு வெளிக்கிட சரியா இருக்கும். எங்கட வாவி கிட்டத்தட்ட 56 கிலோமீட்டர் நீளம், காத்து இல்லாத விடியக்காலையில கண்ணாடி போட்ட மாதிரி கிடக்கும், துடுப்ப எடுத்து வச்சிட்டு இருந்தா கயாக் போட்ட இடத்துலயே நிக்கும். என்ட மூத்தப்பா அதே வாவியில தோணியில போய் வீச்சு வல போட்ட மனிசன். பௌர்ணமி இரவுல துடுப்ப தண்ணிக்குள்ள விட்டு மற்றப் பக்கத்த காதுல வச்சுப் பாடும் மீன் கேக்கச் சொல்லித் தந்ததும் அவர்தான் (அவர் அத மீன் எண்டு சொல்ல மாட்டார், சின்னச் சங்கு மாதிரி இருக்கிற ஊரிதான் கத்துது எண்டுவார்). அப்ப எனக்குத் தெரிஞ்ச தண்ணி எல்லாம் நிக்கிற தண்ணி. ஓடுற தண்ணியில நான் ஒருநாளும் துடுப்புப் போட்டதில்ல.

ஹட்டன்ல படிப்பிக்கிற என்ட மச்சாள் ஒருத்தி ஒருநாள் வீடியோ ஒண்டு அனுப்பினா, கித்துல்கலவில ரப்பர் ராஃப்ட்ல ஏழெட்டுப் பேர் கத்திக்கொண்டு போறாங்க, அவங்களுக்குப் பின்னால சின்னதா ஒரு கயாக்ல ஒரு பொடியன் ஒரு கல்லுக்குப் பின்னால போய் அப்பிடியே நிண்டுட்டான். சுத்தி வர தண்ணி நுரை தள்ளிக்கொண்டு ஓடுது, இவன் துடுப்ப மடியில வச்சிட்டு ராஃப்ட் வரும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்கிறான். அந்த வீடியோவ எத்தின தரம் பாத்திருப்பன் எண்டு தெரியா. ராஃப்ட் எனக்குப் பெருசாத் தெரியல, அந்தப் பொடியன் எப்பிடி நிக்கிறான் எண்டதுதான்.

அம்மாட்ட சொன்னன். அம்மா கேட்டது ஒரு கேள்விதான். "அங்க தண்ணி நிக்குமா ஓடுமா?"

ஓடும் எண்டு சொன்னன். பொய் சொல்ல மனம் வரல. அவ ஒண்டும் சொல்லாம உள்ள போயிட்டா. 2004 மார்கழி 26, சுனாமி வந்த அண்டு எனக்குப் பத்து வயசு, அம்மாட தங்கச்சி, எங்கட சின்னம்மா, நாவலடியில இருந்தவ. அதுக்குப் பிறகு அம்மா கடற்கரைப் பக்கம் போறதே இல்ல. வாவிக்கு நான் போறத மட்டும் பொறுத்துக்கொள்ளுவா, அது நிக்கிற தண்ணி எண்டதால. போற அண்டு விடிய நாலு மணிக்கு அவவே எழும்பி இடியப்பமும் சம்பலும் கட்டித் தந்தா. கதைக்கல.

பஸ்ஸப் பத்திச் சுறுக்கா சொல்லிட்டு விடுறன். மட்டக்களப்புல இருந்து கண்டி பஸ், செங்கலடி, மகா ஓயா, மகியங்கன, அதுக்குப் பிறகு பதினெட்டு வளைவு. கண்டியில இருந்து ஹட்டன் பஸ் பிடிச்சு கம்பளை, நாவலப்பிட்டி தாண்டி கினிகத்தேனையில இறங்கி, மறுகா கொழும்புப் பக்கம் போற பஸ். ஒரு முழு நாள் போயிரும். மச்சாள் கினிகத்தேனையில வந்து சேந்தா.

ஆறு எண்டா இதான். சிவனொளிபாதமலைப் பக்கத்து மலையில இருந்து வாற மஸ்கெலிய ஓயாவும் அங்கால இருந்து வாற கெஹெல்கமு ஓயாவும் சேந்துதான் களனி கங்கை. மொத்தமா 145 கிலோமீட்டர் ஓடி கொழும்புல கடலுக்குப் போகுது. மேல காசல்றீ, மவுசாக்கல எண்டு பெரிய நீர்த்தேக்கங்கள், லக்ஷபான, பொல்பிட்டிய எண்டு மின் நிலையங்கள், இப்ப ஆகக் கீழ 35 மெகாவாட் புரோட்லண்ட்ஸ். அதால இந்த ஆத்துல தண்ணி ஏறுறதும் இறங்குறதும் மழைய மட்டும் பொறுத்ததில்ல, மேல இருந்து எப்ப விடுறாங்க எண்டதயும் பொறுத்தது. காலமையில கல்லுத் தெரிஞ்ச இடம் பின்னேரம் வெறும் அலையா இருக்கும். அங்கத்தப் பொடியனுகள் ஆத்துக்குக் கிட்டப் போனா முதல்ல பாக்கிறது கரையில ஒரு கல்ல. அந்தக் கல்லுல தண்ணி எவ்வளவு ஏறி நிக்குது எண்டு பாத்துட்டுத்தான் மற்றக் கதை எல்லாம்.

ஆத்த கிளாஸ் 1ல இருந்து 6 வரைக்கும் தரம் பிரிப்பாங்க. 1 எண்டா மெல்ல ஓடுற தண்ணி, 6 எண்டா உயிரோட வாறது சந்தேகம். கித்துல்கலவில ராஃப்ட் போற துண்டு கூடுதலா 2, 3. அதாவது புதுசா வாறவனுக்குக் கொஞ்சம் கூட, நல்லாப் பழகினவனுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனா இந்த நம்பர் ராஃப்ட்ல இருக்கிறவனுக்கு ஒரு மாதிரி, கயாக்ல தனிய இருக்கிறவளுக்கு வேற மாதிரி. ராஃப்ட் ஏறி மிதிச்சிட்டுப் போற அலை என்ட நெஞ்சு மட்டத்துக்கு வருது.

எனக்குச் சொல்லித் தந்தவர் அந்த ஊர்ச் சிங்கள அண்ணன், கொஞ்சம் தமிழ் தெரியும், எனக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும், நடுவுல இங்கிலீஷ். அவர் என்னை நங்கி எண்டார், நான் அய்யா எண்டன், சிங்களத்துல அய்யா எண்டா அண்ணன். முதல் நாள் முழுக்க ராப்பிட் பக்கமே விடல, ராப்பிட் எண்டா தண்ணி கல்லுகளுக்கு இடையால நுரை தள்ளிப் பாயிற இடம். தண்ணி தேங்கி நிக்கிற ஒரு மடுவுல வச்சுத்தான் பாடம்.

ஆத்துக் கயாக் எங்கட வாவிக் கயாக் மாதிரி இல்ல. கட்டையா இருக்கும், அடி கொஞ்சம் தட்டை, உள்ளுக்குக் கால விட்டு இடுப்பு வரைக்கும் இறுக்கி இருக்கணும், துடுப்புப் போடாட்டி நேர போகாது, அப்பிடியே கிறுகும். இடுப்புல ஸ்ப்ரே டெக் எண்டு ஒண்டு, பாவாட மாதிரி போட்டு அதுட விளிம்ப கயாக்ட வாயச் சுத்தி இழுத்து மாட்டினா தண்ணி உள்ள வராது. அதுட முன்னுக்கு ஒரு பட்டி இருக்கும். அந்தப் பட்டி எப்பவும் வெளிய தெரியணும், உள்ளுக்கு மடிஞ்சு போகக்கூடாது, ஏனெண்டா கயாக் கவுண்டா தலைகீழா தண்ணிக்குள்ள இருந்துகொண்டு அதத்தான் தேடணும். அய்யா அத பத்துத் தரமாவது செக் பண்ணினார். மறுகா வேணுமெண்டே கவிழச் சொன்னார். கவுண்டு, கயாக்ட அடியில கையால மூண்டு தரம் தட்டி, அதுக்குப் பிறகுதான் பட்டிய முன்னால தள்ளி இழுத்து வெளிய வரணும். ஏன் தட்டணும் எண்டு கேட்டன். தட்டுற அளவுக்கு நிதானம் இருந்தா பட்டியும் கைக்கு வரும் எண்டார். முதல் தரம் நான் தட்டல. மூக்கால தண்ணி போய், எது மேல எது கீழ எண்டு தெரியாம, கை பட்டிக்குப் போகாம கயாக்ட ஓரத்தப் பிடிச்சு இழுத்துக்கொண்டு கிடந்தன். அய்யாதான் பிரட்டி எடுத்தார். ஆறாவது தரம் மூண்டு தட்டுத் தட்டிட்டு வந்தன். அந்த மூண்டு தட்டுக்கு நடுவுல தண்ணிக்குள்ள இருந்த அமைதி இன்னும் ஞாபகம் இருக்கு, கூழாங்கல்லு உருளுற சத்தம் கூட கேட்டிச்சு.

ரெண்டாவது நாள்தான் எடி. நான் வீடியோவில பாத்த அந்த இடத்துக்குப் பேர் அது. ஆத்துக்கு நடுவுல பெரிய கல் ஒண்டு இருந்தா தண்ணி ரெண்டு பக்கத்தாலயும் பிரிஞ்சு ஓடும், கல்லுக்குப் பின்னால ஒரு வெறுமை வரும், அத நிரப்ப தண்ணி கீழ இருந்து மேல, கல்லப் பாத்துத் திரும்பி வரும். ஆறு கீழ ஓடக்குள்ள அந்தத் துண்டு மட்டும் மேல ஓடுது! அதுக்குள்ள போயிட்டா நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல, தண்ணியே உங்கள கல்லோட சேத்து வச்சுக்கொள்ளும். ஓடுற தண்ணியும் திரும்பி வாற தண்ணியும் உரசுற இடத்துல ஒரு கோடு, நூல் பிடிச்ச மாதிரி, சின்னச் சின்னச் சுழி சுழிச்சுக்கொண்டு கிடக்கும். அந்தக் கோட்டத் தாண்டுறதுதான் வேலையே.

தாண்டக்குள்ள கயாக்ட மூக்கு ஒரு தண்ணியிலயும் வால் எதிர்த்தண்ணியிலயும் இருக்கும், அதால ஒரு வெட்டுல கிறுகும். சைக்கிள்ல வளைவு எடுக்கக்குள்ள உள்பக்கம் சரியிற மாதிரி கிறுகிற பக்கமாச் சரியணும். எடிக்குள்ள இருந்து வெளிய ஆத்துக்கு வரக்குள்ள இன்னும் கவனம். மேல இருந்து தண்ணி அடிச்சுக்கொண்டு வருது, மனிசர்ட உடம்பு அடி வாற பக்கத்துக்குச் சாஞ்சு எதிர்க்கத்தான் பாக்கும், ஆனா அந்தப் பக்கம் சாஞ்சா தண்ணி விளிம்புல ஏறி ஒரு செக்கன்ல கவுத்துப்போடும். தண்ணி வாற பக்கத்து விளிம்ப முழங்காலால தூக்கி, தண்ணி போற பக்கம் சாயணும். எனக்கு இது வரவே இல்ல. மூளைக்கு விளங்குது, இடுப்புக்கு விளங்கல. எட்டுத் தரம் கவுண்டிருப்பன். அய்யா ஒண்டுதான் திருப்பித் திருப்பிச் சொன்னார், "பய வென்ன எபா நங்கி". பயப்படாத தங்கச்சி எண்டு. ஒன்பதாவதோ பத்தாவதோ தரம், முழங்கால் தானா எழும்பிச்சு, கயாக் சரிஞ்சு ஒரு அரை வட்டம் அடிச்சு ஆத்தோட சேந்திட்டு. தண்ணிட அடி அப்பிடியே கயாக்ட அடிக்குப் போயிட்டுது, நெஞ்சுக்கு வரல. கரையில நிண்ட மச்சாள் போட்ட சத்தத்துல ரோட்டால போன ஆக்கள் நிண்டு பாத்தாங்க.

அதுக்குப் பிறகு ஆத்த முழுசா ஒரே ஓட்டமாப் பாக்கிறத விட்டுட்டன். அய்யாவும் அப்பிடித்தான் போவார், எடியில இருந்து எடிக்கு. ஒரு கல்லுக்குப் பின்னால போய் நிப்பார், திரும்பி கீழ பாப்பார், அடுத்த கல் எது எண்டு தெரிஞ்சா மட்டும் வெளிய வருவார், துடுப்ப நேர நிமித்திப் பிடிச்சா நாங்க வரலாம், குறுக்கப் பிடிச்சா நிக்கணும். மேல இருந்து பாக்கக்குள்ள தண்ணி இங்கிலீஷ் V எழுத்து மாதிரி ஒடுங்கிக்கொண்டு கீழ போனா அது வழி. அந்த V எழுத்துட கூர் எங்களப் பாத்து மேல இருந்தா அதுல கல் ஒளிஞ்சிருக்கு. இதச் சொல்லக்குள்ள எனக்கு மூத்தப்பாட ஞாபகம் வந்திட்டு. வாவியில காத்து அடிக்காத நேரம் மேல ஒரு துண்டு மட்டும் நெளிஞ்சா "அதுல அடி மேடு" எண்டு காட்டுவார், குத்திப் பாத்தா முழங்கால் தண்ணிதான் இருக்கும். தண்ணிட முதுகப் பாத்து அடிய அறியிற படிப்பு எங்கட வீட்டுலயும் இருந்திருக்கு.

மூண்டாவது நாள் நான் கவுண்டது ராப்பிட்டுக்குள்ள. ராஃப்ட் ஓட்டுறவங்க ஒவ்வொரு இடத்துக்கும் பேர் வச்சிருக்காங்க, ஹெட் சொப்பர், பட்டர் கிரஞ்ச் எண்டு, நான் கவுண்டது அப்பிடிப் பேர் உள்ள இடத்துலயும் இல்ல, ரெண்டுக்கு நடுவுல ஒரு சாதாரண இடம். கயாக் பக்கவாட்டாத் திரும்பி ஒரு கல்லுல போய் மோதிச்சு. அய்யா பின்னால இருந்து கத்தினார், "கல பதாகன்ன! கல பதாகன்ன!" கல்லக் கட்டிப்பிடி எண்டு. கல்லுல மோதினா கல்லுப் பக்கந்தான் சாயணும், அப்பதான் தண்ணி கயாக்குக்குக் கீழால போகும், நீங்க கல்லப் பிடிச்சுக்கொண்டு மெல்லமா நழுவி வரலாம். நான் கல்லப் பாத்துப் பயந்து மற்றப் பக்கம் சாஞ்சன். போயிட்டு.

தட்டல, பட்டிய மட்டும் இழுத்தன், வந்தது. வெளிய தலை வந்தோன காலத் தேடி அடியில ஊண்டப் பாத்தன், அந்த நேரம் முதல் நாள் சொன்னது ஞாபகம் வந்திட்டு. ஓடுற தண்ணியில எழும்பி நிக்கவே கூடாது. கால் கல்லுக்கு இடையில மாட்டிட்டா தண்ணி உங்கள முன்னால தள்ளி மடிச்சுப்போடும், இடுப்பளவு தண்ணியிலயே மூழ்கலாம். மல்லாக்கப் படுத்து, காலைக் கீழ்ப்பக்கம் நீட்டி, பெருவிரல் தண்ணிக்கு மேல தெரியிற மாதிரி போனன். மூண்டு அலை முகத்துல அடிச்சிச்சு, நாலாவதுக்கு முன்னால மூச்சு எடுத்தன். கரையில நிண்ட தம்பி ஒருத்தன் கயித்துப் பையை எறிஞ்சான், பையை இல்ல, கயித்தப் பிடிக்கணும், கையில சுத்தக்கூடாது, தோளுக்கு மேலால எடுத்து மல்லாந்தபடி கிடந்தா தண்ணியே கரைக்குத் தள்ளும். கரையில ஏறி இருந்து நடுங்கினன். குளிரா பயமா எண்டு பிரிக்கத் தெரியல. அய்யா வந்து பக்கத்துல இருந்து, பிளேன்டி ஒண்டு தந்து, ஒண்டும் கதைக்காம இருந்தார். அரை மணித்தியாலத்தால அந்தக் கல்லுக்கே திரும்பிப் போய், வேணுமெண்டு மோதி, கல்லக் கட்டிப்பிடிச்சு வந்தன். பாசி வாசம், ஈரம், கன்னத்துல சுரண்டின கல்லு.

வீட்ட வந்து அம்மாட்ட எல்லாத்தையும் சொன்னன், கவுண்டதையும். அவ கேட்டுக்கொண்டே இருந்திட்டு, "காலத் தூக்கிட்டுப் படுக்கணுமா?" எண்டு கேட்டா. ஓம் எண்டன். "அத ஏன் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லித் தரல்ல?"

எனக்கு மறுமொழி இல்ல. சுனாமி வேற, அதுக்கும் ஆத்துக்கும் சம்பந்தம் இல்ல, அந்தத் தண்ணிக்கு முன்னால இந்தப் படிப்பெல்லாம் ஒண்டும் செய்யாது எண்டு எனக்குத் தெரியும், அவவுக்கும் தெரியும். ஆனா அவ கேட்டது சரியான கேள்வி. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, வாவிக்கு மேற்கால படுவான்கரைக்குப் போனா குளமும் வாய்க்காலும், இதுக்குள்ள வளர்ற பிள்ளைகளுக்கு நீந்தக் கூட நாங்க ஒழுங்காப் பழக்கிறதில்ல, தண்ணிக்குப் போகாத எண்டு மட்டும்தான் சொல்றம். பொம்பளப் பிள்ளைகள் எண்டா இன்னும் மோசம். மார்கழி தையில உன்னிச்சை, நவகிரிக் குளங்கள் நிரம்பி வான் பாயக்குள்ள குடும்பமாப் பாக்கப் போறம், பொடியனுகள் வானுக்குக் கீழ இறங்கிக் குளிக்கிறாங்க. இப்ப அதப் பாத்தா எனக்கு வயிறு கலங்குது. குறுக்கக் கட்டின சுவரால தண்ணி நேர விழக்குள்ள விழுந்த இடத்துல அது திரும்பி சுவரப் பாத்து உருளும், அதுக்குள்ள மாட்டினா கீழ இழுத்து, மேல கொண்டு வந்து, மறுகா சுவரடிக்கே கொண்டு போகும். ஆத்துல கல்லால விழுற தண்ணியில எண்டா பக்கத்துல எங்கயாவது ஒரு வாசல் இருக்கும், கட்டின சுவருக்குக் கீழ கரைக்குக் கரை ஒரே மாதிரி உருளுறதால வாசலே இல்ல. நல்லா நீந்துறவனுக்கும் ஏலா. கயாக் ஓட்டுறவங்க பெரிய ராப்பிட்டுக்குப் போனாலும் போவாங்க, இப்பிடிக் கட்டின சுவரக் கண்டா கயாக்க தோள்ல தூக்கிக்கொண்டு கரையால நடந்து போவாங்க. தயவு செஞ்சு பிள்ளைகள அதுக்குள்ள இறக்காதீங்க. எங்கட ஒழுங்கையில இப்ப அஞ்சு பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை என்னோட வாவிக்கு வருதுகள், லைஃப் ஜாக்கெட்டோட. முதல் பாடம் மல்லாக்கப் படுக்கிறது, அதான் அம்மா கேட்டது.

மார்கழியில மழை கொட்டி வாவி நிரம்பிச்சு, முகத்துவாரம் வெட்டி விட்டாங்க. அப்ப எங்கட நிக்கிற தண்ணியும் ஓடும், கலங்கி, சல்வீனியா எண்ட மிதக்கிற களை எல்லாம் அள்ளிக்கொண்டு கடலப் பாத்து ஓடும். வெள்ளம் வடிஞ்சு ஓட்டம் தணிஞ்ச பிறகு ஒரு விடியக்காலையில பழைய கல்லடிப் பாலத்துக்குக் கிட்டப் போனன். மூணு வருசமா அந்தப் பாலத்துக்குக் கீழால போறன். பாலத்துத் தூணுக்குப் பின்னால ஒரு கோடு கிடக்கு, சின்னச் சின்னச் சுழியோட. கோட்டுக்கு உள்பக்கம் தோணி ஒண்டுல தூண்டில் போட்டுக்கொண்டு ஒரு அண்ணன் இருக்கார், எப்பவும் அதுலதான் இருப்பார், நான் அவரக் கடந்து போய்க்கொண்டே இருந்திருக்கன். நான் கோட்டத் தாண்டி, சரிஞ்சு, கிறுகி அவருக்குப் பக்கத்துல போய் நிண்டன். தோணியில நங்கூரம் இல்ல, தூணோட கட்டவும் இல்ல.

"அண்ணன், கட்டாமலா நிக்கிறீங்க?"

"இதுக்குள்ள வந்தா தண்ணியே பிடிச்சுக்கொள்ளும் புள்ள" எண்டார், தூண்டிலப் பாத்தபடியே.